கல்வத்தின் வேர்வை

சென்ற மாதம் ஒரு மாலை இரண்டு பேர் அழைப்பிதழோடு என் வீட்டுக்கு வந்தார்கள். நெய்வேலிச் சுரங்கத்துக்கு நிலம் கொடுத்துவிட்டுக் குறிஞ்சிப்பாடிப் பக்கம் மாற்றுக் குடியிருப்பில் இருப்பவர்கள். பழைய ஊரில் எப்போதோ வாழ்ந்த ஒரு வைத்தியருக்குப் புது ஊரில் சிறியதாக மண்டபம் கட்டியிருக்கிறார்கள். அவர் மருந்து அரைத்த கல்வத்தை அதில் வைக்கப் போகிறார்கள். அன்று நான் வந்து நாலு வார்த்தை பேச வேண்டுமாம்.

"கல்லு வேர்த்தத கண்ணால பாத்தவங்கள்ல இப்ப உசுரோட இருக்கிறது நீங்களும் கல்லு வச்சிருக்கிற பெரியவரும்தான் சார்," என்றார் மூத்தவர். "அவர மேடையில ஏத்துனா அழுதுடுவாரு."

"நீங்க படிச்சவரு வேற," என்றார் இளையவர். "மைன்ஸ்ல தண்ணி டிபார்ட்மெண்ட்ல இருந்தவரு. நாங்க சொன்னா எங்க பசங்க சிரிக்கிறானுங்க. நீங்க சொன்னா வாய மூடுவானுங்க."

வருகிறேன் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அவர்கள் போன பிறகு அழைப்பிதழில் என் பெயரைப் பார்த்தேன். 'கண்ணால் கண்டவர்' என்று அடைப்புக்குள் போட்டிருந்தார்கள். கண்ணால் கண்டது உண்மைதான். கண்டதைத்தான் நான் யாரிடமும் சொல்லவில்லை.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்குக் கிடைத்த குவார்ட்டர்ஸ் ஒரே சுவரைப் பங்கு போட்டுக்கொண்ட இரட்டை வீடுகளில் ஒன்று. நான் தென்காசிப் பக்கம். நிலவியல் படித்துவிட்டு, சுரங்கத்தின் நிலத்தடி நீர்ப் பிரிவில் இளநிலை வேலைக்கு வந்தவன். பழுப்பு நிலக்கரிக்குக் கீழே தண்ணீர் பெரும் அழுத்தத்தில் அடைபட்டுக் கிடக்கிறது. அதை இடைவிடாமல் இறைத்துக்கொண்டே இருந்தால்தான் சுரங்கத்தின் தரை வெடிக்காமல் இருக்கும். அந்த இறைப்பைக் கண்காணிப்பதே என் ஆயுட்கால வேலை. பக்கத்து வீட்டுக்காரர் கன்வேயர் பெல்ட்டில் ஆபரேட்டர். என்னைவிட மூத்தவர். அவரை அண்ணன் என்றும் அவர் மனைவியை அக்கா என்றும்தான் அழைத்தேன். இங்கேயும் அப்படியே எழுதுகிறேன். வெளியில் பார்த்தால் அண்ணன் என்னை 'சார்' என்பார். வீட்டுக்குள் வந்தால் 'தம்பி'.

"மண்ணுக்குள்ள சும்மா கெடக்கிற தண்ணிய மேல கொண்டாந்து வுடறதுக்கு ஒரு டிகிரி வேணுமா தம்பி?" என்று கேட்பார்.

"அதை எடுக்கலேன்னா உங்க பெல்ட்டு கப்பல் மாதிரி மிதக்கும்ணே."

"மிதந்தா மிதக்கட்டும். வூட்டுல இருந்துகினு மீன் புடிப்பேன்."

அக்கா உள்ளேயிருந்து சொல்லுவார்: "தம்பி ஊர்ல சண்ட போட்டாகூட பாட்டுப் பாடற மாதிரிதான் இருக்கும்போல. கேக்கறதுக்கு நல்லா இருக்குது. இன்னும் ரெண்டு வார்த்தை திட்டுங்க தம்பி."

அந்தக் காலத்தை நினைத்தால் முதலில் வருவது சங்குச் சத்தம்தான். ஷிப்ட் மாறும்போது ஊதும். சங்கு ஊதினால் ஒரே நேரத்தில் தெரு முழுக்கச் சைக்கிள்கள் கிளம்பும். இன்னொரு சங்குக்கு அத்தனையும் திரும்பி வரும், எல்லார் சட்டையிலும் ஒரே பழுப்புப் புழுதியோடு. தெருவின் இருபுறமும் மரங்கள். ஒவ்வொரு வீட்டுப் பின்புறத்திலும் ஒரு மாமரமோ பலாவோ. சித்திரை, வைகாசியில் பண்ருட்டியிலிருந்து வரும் பலாப்பழத்தை அக்கா எங்கள் பக்கத்துக் குழாயடியில் வைத்துத்தான் அறுப்பார். கையில் எண்ணெய் தடவிக்கொண்டு என் மனைவியும் கூட உட்காருவாள். சுளை இரண்டு வீட்டுக்கும், கொட்டை எங்கள் வீட்டுக்கு. பலாக்கொட்டைக் குழம்பில் என் மனைவி கெட்டிக்காரி என்று அக்காவே தீர்ப்புச் சொல்லியிருந்தார்.

அண்ணன் வீட்டுப் பின்புறத்தில், துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில், ஒரு கோணிச்சாக்குக்கு அடியில் அந்தக் கல்வம் இருந்தது. படகு வடிவில் குடைந்த கருங்கல். ஒன்றரைச் சாண் நீளம். நடுவில் மருந்தரைத்து அரைத்து வழுவழுப்பாகிப்போன பள்ளம். அவர்களுடைய ஒரே மகள் சின்னப் பெண்ணாக இருந்தபோது அதில் செங்கல் பொடியை அரைத்து டாக்டர் விளையாட்டு விளையாடி அடி வாங்கியிருக்கிறாள். அடி வாங்கியவள் எங்கள் வீட்டுக்கு ஓடிவந்து, "சித்தப்பா, எங்கப்பாவுக்கு ஊசி போடணும்" என்று அழுதாள்.

கல்வத்தின் கதையை அண்ணன் சொல்லி நான் பலமுறை கேட்டிருக்கிறேன். கடலூர்க் கோட்டையில் வெள்ளைக்காரன் இருந்த காலம். பின்னாளில் சுரங்கத்துக்குப் போன அவர்கள் ஊரில் ஒரு வைத்தியர். கோட்டைச் சிப்பாய்களுக்கே மருந்து கொடுத்தவராம். ஒரு வருடம் வாந்திபேதி வந்தது. வைத்தியர் ஊருக்குள்ளும் போனார், கூலிக்காரர்கள் தெருவுக்குள்ளும் போனார். அங்கே போய்விட்டு வந்த கையால் எங்களுக்கு மருந்து வேண்டாம் என்று ஊர் சொன்னதாம். அவர் ஊரை விட்டுவிட்டுக் கூலித்தெருவிலேயே தங்கிவிட்டார். கடைசிக் காலத்தில் அவரைப் பார்த்துக்கொண்டது அண்ணனுடைய முன்னோர்கள். ஒரு காணி நிலம்கூட இல்லாதவர்கள். பிள்ளையில்லாத அந்த மனிதர் கல்வத்தை அவர்களிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

"பொழைக்கிறவங்க கை வச்சா இது வேர்க்கும். வேர்க்கலன்னா மருந்து குடுக்காத, கூட இருந்துக்கோ. பாக்கணும்னு நெனைக்கிறவங்களை வரவழைச்சுக் காட்டு. இப்படிச் சொல்லிட்டுத்தான் செத்தாரு," என்பார் அண்ணன். அவரே பக்கத்தில் நின்று கேட்டதுபோல இருக்கும்.

அதற்கு ஒரு முறை இருந்தது. நோயாளி வீட்டார் கல்லைத் தொடக்கூடாது. அவர்களுடைய ஆசை அதில் ஒட்டிக்கொள்ளும். வெளியாள் ஒருவர்தான் அதைக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, தரையில் வைக்க வேண்டும். நோயாளி உள்ளங்கையை ஒருமுறை பதித்து எடுப்பார். பிறகு அடுப்பில் உலை வைப்பார்கள். உலை கொதிக்கும் நேரத்துக்குள் கல்லின் வயிற்றில் முத்து முத்தாக நீர் கோத்தால் உயிர் நிற்கும்.

நான் சிரிக்கவில்லை. ஆனால் நம்பவும் இல்லை. என் மகன் கைக்குழந்தையாக இருந்தபோது ஒருமுறை காய்ச்சல் இறங்கவே இல்லை. டவுன்ஷிப் மருத்துவமனையில் காட்டி மருந்து கொடுத்துக்கொண்டிருந்தோம். அக்கா கேட்காமலேயே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய் அதன் கையைக் கல்லில் வைத்தார். எதிர் வீட்டு அம்மா கழுவிக் கொடுத்தார். உலை கொதிப்பதற்குள் கல் வேர்த்தது. நான் பார்த்தேன். சின்னச் சின்னத் துளிகள். கார்த்திகை மாதம், காற்றில் ஈரம் அதிகம், கல் குளிர்ந்திருக்கிறது, அதனால் நீர் கோக்கிறது என்று மனைவிக்கு விளக்கினேன். அவள் குழந்தையின் கையைத் துடைத்துக்கொண்டே, "இருக்கட்டும். உங்க விளக்கமும் இருக்கட்டும்" என்றாள்.

எங்கள் வரிசையில் முதல் பிரிட்ஜ் என் வீட்டில்தான் வந்தது. அப்புறம் அது என் வீட்டுப் பொருளாக இருக்கவில்லை. யாராவது மாவுப் பாத்திரம் கொண்டுவந்து வைப்பார்கள். வெள்ளிக்கிழமைக்கு வாங்கிய மல்லிகைச் சரம் வாழையிலையில் சுற்றி உள்ளே இருக்கும். அக்கா அதன் கதவைத் திறந்து முகத்தை உள்ளே நீட்டிக்கொண்டு நிற்பார். வெயில் காலத்தில் ஷிப்ட் முடிந்து வரும் அண்ணனையும் கூப்பிட்டு நிற்கவைப்பார்.

"மார்கழிய புடிச்சுப் பொட்டியில அடைச்சு வச்சிருக்குது தம்பி. பாரு பாரு."

"கதவ மூடு. மார்கழி வெளிய ஓடிடப்போவுது," என்பார் அண்ணன்.

அன்றிலிருந்து பிரிட்ஜுக்கு எங்கள் இரண்டு வீட்டிலும் மார்கழி என்றே பெயர். "மாவ மார்கழியில வச்சாச்சா?" என்று சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வரும்.

மகள் வளர்ந்தாள். காடாம்புலியூரில் முந்திரித் தோப்பு வைத்திருந்த குடும்பத்தில் கட்டிக் கொடுத்தார்கள். அவள் நிறைமாதமாக இருந்த நேரத்தில்தான் அக்காவுக்கு வயிற்றுவலி வந்தது. முதலில் வாயு என்றார்கள். பிறகு பாண்டிச்சேரியில் ஒரு பெரிய மருத்துவமனையில் காட்டினோம். நானும் கூடப் போனேன். வயிற்றில் கட்டி. பரவியிருந்தது. ஆபரேஷன் செய்து பார்க்கலாம், ஆனால் உறுதி சொல்ல முடியாது என்று டாக்டர் மறைக்காமல் சொன்னார். யோசித்து வாருங்கள் என்று வீட்டுக்கு அனுப்பினார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அக்கா ஜன்னலோரமாக உட்கார்ந்திருந்தார். முந்திரித் தோப்புகள் கடந்து போயின. அவரே பேச்செடுத்தார்.

"கல்ல கேட்டுடலாம். வேர்த்துதுன்னா அறுத்துக்கறேன். காஞ்சி கெடந்துதுன்னா என்னெ அறுக்காதீங்க. காடாம்புலியூர்ல கொண்டுபோயி வுட்டுடுங்க. பொண்ணுகூட இருக்கறேன். கொழந்த மொகத்த பாத்துட்டுப் போயிடறேன்."

அண்ணன் தலையாட்டினார். எனக்குக் கோபம் வந்தது. அதை இங்கே மறைக்க விரும்பவில்லை. படித்த டாக்டர் ஒரு வழி சொல்கிறார், இவர்கள் ஒரு கல்லைக் கேட்கப் போகிறார்கள். கல் காய்ந்திருந்தால் ஒரு உயிரைச் சும்மா விட்டுவிடப் போகிறார்கள். மூட நம்பிக்கையைக் கொண்டே ஒரு நல்ல காரியத்தைச் சாதித்தால் என்ன என்று யோசித்தேன். அதில் அக்கா மேல் இருந்த பாசமும் இருந்தது. எனக்கு மட்டும் விஷயம் தெரியும் என்கிற கர்வமும் இருந்தது. எது அதிகம் என்று அப்போது பிரித்துப் பார்க்கவில்லை. இப்போது கர்வம்தான் அதிகம் என்று தோன்றுகிறது.

ஐப்பசி மாதம். விட்டு விட்டு மழை. சுவரெல்லாம் ஓதம். காயப்போட்ட துணி காயாத காற்று. குளிர்ந்த கல் ஒன்று அந்தக் காற்றில் வேர்க்காமல் இருக்கவே முடியாது. கழுவி வைக்கும் வெளியாளாக என்னைத்தான் கேட்டிருந்தார்கள். சாயங்காலம் விளக்கேற்றும் நேரத்துக்கு வைப்பது என்று பேச்சு.

அன்று அண்ணன் முதல் ஷிப்டுக்குப் போயிருந்தார். என் மனைவி கடைத்தெருவுக்குப் போயிருந்தாள். அக்கா உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார். நான் பின்பக்கமாகப் போய்க் கல்வத்தைத் தூக்கிவந்தேன். பிரிட்ஜின் நடுத்தட்டை உருவிவிட்டு, மாவுப் பாத்திரங்களை வெளியே எடுத்து வைத்துவிட்டு, கல்லை உள்ளே வைத்தேன். சாயங்காலம் வரை அது மார்கழிக்குள் இருந்தது. மாவு புளித்துப் பொங்கி வழிந்ததைப் பார்த்து மனைவி கத்தினாள். தண்ணீர் பாட்டில் வைக்க இடம் பண்ணினேன் என்று ஒரு பொய் சொன்னேன்.

விளக்கேற்றும் நேரத்துக்குச் சற்று முன்பு கல்லை எடுத்து, அதோடு அக்காவுக்குக் கொடுக்க ஒரு பாட்டில் குளிர்ந்த தண்ணீரையும் எடுத்துக்கொண்டு போனேன். பின்பக்கத்தில் கழுவினேன், துண்டால் அழுந்தத் துடைத்தேன். உள் அறையில் அக்காவின் கட்டிலருகே தரையில் வைத்தேன். தண்ணீர் பாட்டிலைப் பக்கத்திலேயே வைத்தேன். அண்ணன் அடுப்படியில் உலை வைத்துவிட்டு, அதையே பார்த்துக்கொண்டு எங்களுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார். சமையலறைக் கதவு வழியாக அவர் முதுகு தெரிந்தது.

அக்கா கட்டிலிலிருந்தபடியே கையை நீட்டிக் கல்லின் மேல் வைத்தார்.

வைத்த கையை எடுக்கவில்லை. என்னைப் பார்த்தார். பிறகு மிக மெதுவாக, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "மார்கழியா இருக்குது தம்பி," என்றார்.

கையை எடுத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார்.

இனி எழுதப்போவதற்கு என்னிடம் விளக்கம் கிடையாது. இத்தனை வருடம் தேடியும் கிடைக்கவில்லை. தண்ணீர் பாட்டில் வேர்த்தது. துளிகள் திரண்டு ஓடித் தரையில் வளையமாகத் தேங்கின. அதே குளிரிலிருந்து, அதே நேரத்தில் வெளியே எடுத்த கல் காய்ந்து கிடந்தது. குனிந்து தொட்டுப் பார்த்தேன். பனிக்கட்டிபோல இருந்தது. விரலில் ஈரம் ஒட்டவில்லை. ஒரு துளி இல்லை. நான் படித்த படிப்பின்படி அது வேர்த்தே ஆகவேண்டும். வேர்க்கவில்லை.

அடுப்படியில் உலைமூடி தடதடக்க ஆரம்பித்தது.

அந்த நொடியில் எனக்குப் பயம் வந்திருக்க வேண்டும். வைத்தியர் சொன்னது நினைவுக்கு வந்திருக்க வேண்டும். எனக்கு வந்தது அவமானம். என் கணக்கு தப்பிவிட்டதே என்கிற அவமானம். கல்லைத் துடைத்த துண்டு கையில் ஈரமாக இருந்தது. அதைக் கல்லுக்கு மேலே பிடித்து முறுக்கி உதறினேன். கல்லின் வயிற்றில் துளிகள் நின்றன.

"கொதிச்சிடுச்சு," என்றார் அண்ணன்.

"வேர்த்திருக்குண்ணே," என்றேன்.

அவர் ஓடிவந்து மண்டியிட்டுப் பார்த்தார். தொடவில்லை. தொடக்கூடாது அல்லவா. அழுதுகொண்டே சிரித்தார். "வேர்த்துச்சு பாருடி. வேர்த்துச்சு பாரு." அக்கா திரும்பிப் பார்க்காமலேயே, "சரி, அறுத்துக்கலாம்," என்றார்.

அக்கா என்ன பார்த்தார், என்ன கேட்டார், எனக்குத் தெரியாது.

மகளுக்குச் சொல்லி அனுப்பவேண்டாம் என்று முடிவானது. "அதான் வேர்த்துச்சே, நல்லபடியா வந்துடுவா. நெறமாசக்காரிய எதுக்குப் பயமுறுத்தறது," என்றார் அண்ணன். நானும் அதுதான் சரி என்றேன். ஆபரேஷன் நடந்தது. டாக்டர்கள் செய்ய முடிந்ததைச் செய்தார்கள். அக்காவுக்கு நினைவு திரும்பவே இல்லை. அண்ணன் வார்டு வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். சில நாளில் முடிந்துவிட்டது.

மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்து இறங்கியபோது அக்காவைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். அவள் அழவில்லை. அப்பாவிடம் ஒரே கேள்வி கேட்டாள்.

"ஏன் என்னெ கூப்பிடல?"

"கல்லு வேர்த்துதும்மா," என்றார் அண்ணன்.

அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில்தான் நின்றேன். அப்போதே சொல்லியிருக்கலாம். கூட்டம், சாவு வீடு, நிறைமாதப் பெண் என்று எனக்குக் காரணங்கள் கிடைத்தன. பிறகு ஒவ்வொரு வருடமும் ஒவ்வொரு காரணம் கிடைத்தது.

அன்றிலிருந்து அவள் அப்பா வீட்டில் கை நனைத்ததில்லை. வருவாள், போவாள். குழந்தைகளைக் காட்டினாள், மஞ்சள் நீராட்டுக்கு அழைத்தாள், காய்ச்சல் என்றால் மாத்திரை வாங்கிக் கொடுத்தாள். ஆனால் ஒரு வாய் சோறு, ஒரு மடக்குத் தண்ணீர் கிடையாது. ஒரு கல்லை நம்பி அம்மாவைத் தன்னிடமிருந்து மறைத்த மனிதர் என்று நினைத்தாள். அண்ணன் அதற்குப் பதில் சொன்னதில்லை. எனக்கு உண்மை தெரிந்தும் அவரைக் குற்றவாளியாகவே இருக்கவிட்டேன். ஓய்வு பெற்றதும் அண்ணன் கல்வத்தையும் எடுத்துக்கொண்டு தன் ஊர்க்காரர்களோடு மாற்றுக் குடியிருப்புக்குப் போய்விட்டார். நான் மாதம் ஒருமுறை பஸ் பிடித்துப் போய் அவரோடு டீ குடித்துவிட்டு வந்தேன். அவர் எனக்காகக் கடையிலிருந்து பகோடா வாங்கி வைத்திருப்பார். என் மனைவி இறந்தபோது என் கூடவே இருந்து எல்லாம் செய்தவர் அவர்தான்.

அழைப்பிதழை இரண்டு நாள் மேசை மேலேயே வைத்திருந்தேன். மேடையில் நின்று, கல் வேர்த்தது என்று சொன்னால் அந்தப் பொய் மண்டபத்தில் கல்லோடு கல்லாக உட்கார்ந்துவிடும். மகளுக்குப் போன் செய்தேன். "உங்கப்பா வீட்டுக்கு வாம்மா. உங்கம்மா பத்தி ஒரு விஷயம் சொல்லணும்" என்றேன்.

முற்பகலில் போனேன். அண்ணன் கூடத்தில் நாற்காலியில் இருந்தார். மகள் ஸ்கூட்டியில் வந்தாள். தலை நரைத்துவிட்டது அவளுக்கும். ஹெல்மெட்டைக் கழற்றி வைத்துவிட்டுப் பையிலிருந்து தன் தண்ணீர் பாட்டிலை எடுத்துக் குடித்தாள். அப்பா வீட்டுக்கு வரும்போதெல்லாம் அவள் கையோடு கொண்டுவருவது.

"என்னா தம்பி, மீட்டிங்குல பேச ஒத்திகை பாக்க வந்தியா?" என்றார் அண்ணன்.

"பேச மாட்டேண்ணே," என்றேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். பிரிட்ஜ், பாட்டில், காய்ந்த கல், துண்டு. சுற்றி வளைக்கவில்லை. சொல்லி முடித்தபோது வெளியே மீன்காரர் ஒருவர் ஹாரன் அடித்துக்கொண்டு போனார்.

அண்ணன் தலையைத் திருப்பிப் பின்வாசல் பக்கம் பார்த்தார். பிறகு, "அப்ப அது காஞ்சிதான் கெடந்துச்சா?" என்றார்.

"ஆமாண்ணே."

"நான் அது மேல கோவமா இருந்தேன் தம்பி. என் வம்சத்துக்கே பொய் சொல்லிடுச்சேன்னு. கவுத்துப் போட்டேன். ஒரு நாள்கூட கழுவல. இப்பகூட கண்ணுல படாம போவட்டும்னுதான் மண்டபத்துக்கு எடுத்துக்கினு போங்கடான்னேன்." குரல் உயரவில்லை. "ஏண்டா? அவ என்னா கேட்டா? பொண்ணுகிட்ட கொண்டுபோயி வுடுன்னுதானே கேட்டா?"

அவர் என்னை 'டா' போட்டது அதுதான் முதல் தடவை.

"தப்புதாண்ணே."

"தப்புன்னா? பெல்ட்டு நின்னா தப்பு, மறுபடி ஓட்டிக்கலாம்."

மகள் அதுவரை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அம்மாவுக்குத் தெரியுமா சித்தப்பா?" என்றாள்.

அதைச் சொல்லலாமா என்று வழியெல்லாம் யோசித்தபடிதான் வந்திருந்தேன். சொன்னால் என் பாரத்தைச் செத்துப்போனவர் மேல் இறக்கி வைப்பதுபோல ஆகிவிடும். ஆனால் அவள் கேட்டுவிட்டாள்.

"கைய வெச்சதும் 'மார்கழியா இருக்குது தம்பி'ன்னாங்க. அவ்வளவுதான் சொன்னாங்க. வேறெதுவும் எனக்குத் தெரியாதும்மா. துண்டைப் பார்த்தாங்களான்னும் தெரியாது."

"மார்கழியா," என்றாள் அவள். அந்தச் சொல்லை எங்கள் வீட்டு பிரிட்ஜின் முன்னால் நின்று அவளும் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறாள். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், பிறகு அழுதாள். அம்மா சாவுக்கு அழாதவள். அண்ணன் எழுந்து அவளருகே போகப் பார்த்தார், முழங்கால் ஒத்துழைக்கவில்லை. அவளே எழுந்து வந்து அவர் நாற்காலிக்குக் கீழே உட்கார்ந்துகொண்டாள். "எனக்குத் தெரியாதுப்பா," என்றாள்.

பின்னால் நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அண்ணன் கல்லைத் தரமாட்டேன் என்று சொல்லிவிட்டார். யாரும் நேரில் பார்த்திராத வைத்தியரின் படம் ஒன்றை வரையச் சொல்லி அதை வைத்து மண்டபத்தைத் திறந்தார்கள். என்னிடம் போன் செய்து, "அவருகிட்ட என்னாதான் சார் சொன்னீங்க?" என்று கேட்டார்கள். நான் போகவில்லை. மாதாமாதம் பிடிக்கும் அந்த பஸ்ஸையும் இந்த மாதம் பிடிக்கவில்லை.

அன்று கிளம்புவதற்காக எழுந்தபோது மகள் பின்பக்கம் போயிருந்தாள். வீட்டைச் சுற்றிக்கொண்டு நானும் அங்கே போனேன். துவைகல்லின் காலடியில் கல்வம் கவிழ்ந்து கிடந்தது. மேலெல்லாம் பாசி. அவள் அதைப் புரட்ட முயன்றுகொண்டிருந்தாள். கனம். இந்தக் கல்லைக் கழுவுவது வெளியாள் வேலை என்ற பழைய நினைப்பில் நான் கையை நீட்டிவிட்டேன்.

"நீங்க தொடாதீங்க சித்தப்பா," என்றாள். கோபமாகச் சொல்லவில்லை.

கையை எடுத்துக்கொண்டேன். அவள் தனியாகவே அதைப் புரட்டி நிமிர்த்தி வைத்துத் தேங்காய் நாரால் தேய்த்தாள். பாசி பச்சையாகக் கரைந்து ஓடியது. பள்ளத்தில் தண்ணீர் ஊற்றிக் கையால் வழித்து விட்டாள், அதில் செங்கல் பொடி அரைத்த அதே கையால். பிறகு புடவை முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

செருப்பை மாட்டிக்கொண்டு தெருவுக்கு வந்தேன். அண்ணன் வழியனுப்ப எழுந்து வரவில்லை. சமையலறை ஜன்னலைக் கடக்கும்போது உள்ளே பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது.

"அப்பா, அரிசி எங்க வச்சிருக்கிற?"

கூடத்தில் நாற்காலி கிரீச்சிட்டது.

"மேல் தட்டுலம்மா. நீல டப்பா."